கடவுளின் கண்ணும் கமராவின் கண்ணும்

பிலடெல்பியா நகரிலுள்ள ஈஸ்ரேண் ஸ்ரேற் சிறைச்சாலை 1829 இல் திறக்கப்பட்டு 1971 இல் மூடப்பட்டது. 1994 முதல் அது பொதுமக்கள் பார்வைக்குரிய இடமாக இருந்து வருகின்றது. அங்கு எடுக்கப்பட்ட நிழற்படங்களைச் சேர்த்து வைத்து நோக்கும் ஒருவர் இரண்டு காட்சிகள் ஓயாது மீள வருவதைக் காண்பார். ஒன்று, வில்வளைவுக் கூரையின்கீழ் நீண்டு செல்லும் நடைவழி. மற்றையது, சுண்ணாம்பு உரிந்த சிற்றறையின் கூரைத் துவாரத்தினூடாக இறங்கும் ஒளிக்கற்றை. படத்தின் கீழுள்ள குறிப்பை மறைத்துவிட்டால், பாழடைந்த தேவாலயமொன்றின் படங்கள் என்றே எவரும் இவற்றைக் கொள்வர்.

அவ்வாறு கொள்வது முற்றிலும் தவறன்று. கட்டடத்தின் மொழியே அதுதான். தனிமையில் விடப்பட்ட மனிதன் தன் மனச்சாட்சியோடு பேசி, வருந்தித் திருந்துவான் என்ற நம்பிக்கையின் விளைவு இச்சிறை. 1787 இல் பிலடெல்பியாவில் தோன்றிய சிறைச் சீர்திருத்தச் சங்கமும், அதனுட் செல்வாக்குப் பெற்றிருந்த குவேக்கர் சமயத்தவரும் அந்நம்பிக்கையை வளர்த்தனர். இவ்வகைச் சிறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே மனவருத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கட்டடக்கலைஞர் ஜோன் ஹவிலண்ட் வெளிப்புறத்தைக் கோட்டையாக அமைத்தார். காண்போரை அச்சுறுத்துவதே அதன் வேலை. உள்ளே, நடு மண்டபமொன்றிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் அறைத் தொகுதிகள் பிரிந்து செல்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் மேலிருந்து மட்டும் வெளிச்சம். அத்துவாரத்தைக் ‘கடவுளின் கண்’ என்று அழைப்பதுண்டு.

ஆயின், நிழற்படக் கலைஞன் எங்கே நின்று படமெடுக்கின்றான் என்ற கேள்வியை இரசிகர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நடைவழியின் பேரழகு தென்படுவது அதன் நடுக்கோட்டில், மண்டபத்தின் பக்கமாக நிற்பவனுக்கே. அது காவலன் நின்ற இடம். தொடக்ககாலக் கைதி அங்கு கால்வைக்க நேர்ந்தபோது அவனது முகம் தலைமூடியால் மறைக்கப்பட்டிருந்தது. அவன் சக கைதியை அறியலாகாது. கட்டடத்தின் அமைப்பையும் அறியலாகாது. பெயரும் நீக்கப்பட்டு எண்ணொன்றே அவனுக்கு எஞ்சியது. ஞாயிறு வழிபாட்டின்போதுகூடப் போதகர் நடைவழியில் நின்று பேச, அவன் அறைக்குள் இருந்தபடியே குரலை மட்டும் கேட்டான். தேவாலயம் போன்ற அவ்வளைவுக் கூரையைக் கண்டு உள்ளம் உயர்ந்தவர்கள் யாரேனும் இருந்திருப்பின் அவர்கள் அதிகாரிகளும் விருந்தினருமேயாவர். திருந்தவேண்டியவனுக்கு அக்காட்சி மறுக்கப்பட்டிருந்தது. படங்கள் இவ்வுண்மையைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன.

அவ்விருந்தினருள் ஒருவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ். 1842 இல் அங்கு சென்ற அவர், திட்டமிட்டோரின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. எனினும் மனத்தின்மேல் நாள்தோறும் நிகழும் அவ்வதை, உடல் வதையினும் கொடியது என்று எழுதினார். கட்டடத்தை அவர் முகங்களினூடாகக் கண்டார். இன்றைய நிழற்படத்திற்கு அவ்வாய்ப்பில்லை, முகங்கள் போய்விட்டன. வெற்று அறை தியானத்திற்குரிய அமைதியைத் தருவதாகத் தோன்றுகின்றது. அவ்வமைதிதான் அங்கு வழங்கப்பட்ட தண்டனை என்பதை நினைவுகூர்ந்தால், அப்படங்களின் இனிமை சற்றே கசக்கத் தொடங்கும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. சுவரின் உரிந்த படலங்கள், துருவேறிய கட்டில், கூரை பிளந்து முளைத்த மரம் ஆகிய இவை யாவும் 1971 இன் பின் நேர்ந்த புறக்கணிப்பின் ஆக்கங்கள். ஹவிலண்டின் அறை வெள்ளையடிக்கப்பட்டது. குழாய்நீரும் வெப்பமூட்டும் வசதியும் கொண்டது. தன் காலத்தில் புதுமையானது. ஆகவே, நாம் ஆன்மிகம் என்று வியப்பதிற் பாதி, சிதைவின் அழகேயாகும். தனிமைச் சிறைமுறை 1913 இல் முறைப்படி கைவிடப்பட்டதும், அதற்குப் பின் அறைகளிற் பலர் நெருக்கமாக அடைக்கப்பட்டதும் இப்படங்களில் இல்லை. ஒரு கட்டில், ஓர் ஒளிக்கற்றை என்ற அமைப்புக்கு அவை இடையூறு போலும்!

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். கூரைத் துவாரத்து வெயில் நிலையாக நிற்பதன்று. சுவரில் நகர்ந்து நகர்ந்து மறைவது. அறையில் இருந்தவனுக்கு அது நாழிகை காட்டும் கருவி. கமரா அதனைத் தருணமொன்றில் நிறுத்தி அருளொளி ஆக்கிவிடுகின்றது. கைதியும் அதை அருளெனக் கொண்டிருக்கலாம், கொள்ளாமலும் இருந்திருக்கலாம். அதனைத் தீர்மானிக்கும் உரிமை நிழற்படத்திற்கு இல்லை.

இச்சிறையின் சமய வாழ்வைத் தேடும் கலைஞன் செல்லவேண்டிய இடங்கள் வேறு. கத்தோலிக்கக் குருவானவரின் அலுவலகச் சுவர்களில் கைதியொருவர் 1955 இல் தீட்டிய சமய ஓவியங்கள் உள. யூதக் கைதிகளுக்கென 1920களில் அமைந்த தொழுகைக்கூடமும் உண்டு. அது பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இவற்றின் படங்கள் முதற்பார்வையிற் கவர்வதில்லை. வளைவும் இல்லை, ஒளிக்கற்றையும் இல்லை. ஓவியங்களில் நிறம் மங்கி, சுவரோடு சேர்ந்து உரிந்திருந்தது. ஆனால், மேலிருந்து நோக்கும் கண்ணுக்காக அன்றித் தம் கண்ணுக்காக மனிதர் ஆக்கிக்கொண்டவை அவை. அங்கே கமரா நிற்கும் இடமும், தூரிகையோடு அக்கைதி நின்ற இடமும் ஏறத்தாழ ஒன்றே.