தோட்டக் கதைகளில் சொந்த மண்

தோட்டத்துக் கதையென்றால் துன்பக் கதையென்றே நம்மவர் கொள்கின்றனர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் காட்டிற்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ மலேசிய ரப்பர்த் தொழிலாளரின் இடரைச் சொல்லிற்று. இரண்டும் நன்றே. ஆயினும் இருவரும் தமிழகத்தார். இங்கேயே பிறந்தவனின் துயரம் வேறு. 1969-இல் குடியுரிமையற்றோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று, பல்லாயிரவர் கப்பலேறினர். பேராக்கில் பால்மரம் சீவிய கைக்கு, கண்டறியாத ஊர் ‘தாயகம்’ எனப்பட்டது. சட்டம் அவனை ஏற்கவில்லை, உண்மை. தமிழனைத் தமிழனேனும் ஏற்றானா? கங்காணி முறை 1938-இல் ஒழிந்தும், அதனோடு வந்த சாதி லயத்தை விட்டு இறங்கவில்லையே! அயலார் மறுத்ததை மட்டும் எழுதி, நாம் மறுத்ததை மறைக்கும் கதை அரைக்கதையே. ஈப்போ எழுத்தாளர்களே, மறுபாதியையும் எழுதுக!