சோம்பேறிக் கண்: பேட்சா, விளையாட்டா?

நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் இடது கண் மங்கல் என்பது தெரியாது. வலது கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. குழந்தை ஓடியாடுகிறது, படம் வரைகிறது, செல்போனில் பிடித்த வீடியோவைத் தானே தேடி எடுக்கிறது. பெற்றோருக்குச் சந்தேகம் எழ வழியில்லை. பேச்சுவழக்கில் சோம்பேறிக் கண் என்றும் மருத்துவத்தில் அம்ப்ளியோபியா என்றும் சொல்லப்படும் இந்தக் குறை, நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது.

இதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் வைத்தியம் நல்ல கண்ணை பேட்ச் ஒட்டி மூடிவைப்பது. சமீப ஆண்டுகளில் இன்னொரு வழி வந்திருக்கிறது: இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் மட்டுமே ஆட முடிகிற கணினி விளையாட்டு. பேட்ச் ஒட்டினால் அழுது புரளும் பிள்ளையோடு போராடும் பெற்றோருக்கு இது வரமாகத் தோன்றும். அந்த நம்பிக்கையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, திண்டுக்கல் போன்ற ஊரில் இதற்கு எந்த இடம் கொடுக்கலாம் என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்ச் தரும் தொல்லைக்கு விளையாட்டு ஓரளவு தீர்வு. நம் பிள்ளைகளின் பார்வையை அதிகம் பறிப்பது தாமதம். அதற்கு எந்த விளையாட்டும் தீர்வாகாது.

குறையின் வேர் மூளையில் இருக்கிறது. பிறந்து முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவில்லாத படமே போய்க்கொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடுகிறது. டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாறுகண், பிறவிக் கண்புரை, தொங்கும் இமை ஆகியவை இந்தக் குறைக்குக் காரணமாகலாம். இவை பெரும்பாலும் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் பெரிதாக வேறுபடுவதும் ஒரு காரணம். அது வெளியே தெரியாது; பரிசோதனையில்தான் பிடிபடும்.

பேட்ச் பழைய முறை. பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1743-லேயே நல்ல கண்ணை மூடும்படி எழுதினார். செலவு குறைவு, பலன் நிரூபணமானது. ஆனால் சித்திரை வெயிலில் திண்டுக்கல் பிள்ளையின் முகத்தில் பிளாஸ்டர் ஒட்டிப் பாருங்கள். வியர்வையில் ஓரம் கழன்றுவிடும், தோல் சிவந்து அரிக்கும். நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டு மங்கலான கண்ணோடு நடமாடு என்றால் பிள்ளை ஏன் சம்மதிக்கும்? பள்ளிக்கு ஒட்டிக்கொண்டு போனால் கேலிப்பேச்சு வேறு. பேட்ச் சிகிச்சை தோற்கும்போது, அது பெரும்பாலும் ஒழுங்காக ஒட்டப்படாததால்தான் தோற்கிறது.

இந்த இடத்தில் பேட்சுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒட்ட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவின் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழுவான பீடிக் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிதமான குறைக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டினாலே 6 மணி நேரத்துக்கு இணையான பலன் கிடைக்கிறது. பள்ளி விட்டு வந்தபின் வீட்டிலேயே 2 மணி நேரம் என்றால் கேலிக்கு இடமில்லை. பேட்சே ஒத்துவராத பிள்ளைக்கு, நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. விளையாட்டை ஒப்பிடும்போது இந்த 2 மணி நேர பேட்சோடுதான் ஒப்பிட வேண்டும்.

விளையாட்டு எப்படி இயங்குகிறது? பிள்ளை தன் பவர் கண்ணாடிக்கு மேல் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான கண்ணாடியை மாட்டிக்கொள்கிறது. திரையில் கட்டைகள் மேலிருந்து விழுகின்றன. விழும் கட்டைகள் மங்கல் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். கீழே அடுக்கியிருக்கும் கட்டைகளில் ஒரு பகுதி நல்ல கண்ணுக்கு மட்டும், அதுவும் வெளிறிப்போய்த் தெரியும். எந்தக் கண்ணை மூளை ஒதுக்கினாலும் பாதி ஆட்டம் காணாமல் போய்விடும். கட்டையைப் பொருத்த முடியாது. நல்ல கண்ணுக்கான பளிச்சு முதலில் 20 சதவீதத்தில் இருக்கும். பிள்ளை ஆடி ஜெயிக்க ஜெயிக்கப் பத்துப் பத்தாகக் கூடும். கடைசியில் இரண்டு கண்ணும் ஒரே அளவு பளிச்சில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் குறிக்கோள்.

கொள்கை அளவில் இது பேட்சைவிட ஒரு படி மேல். இயல்பு வாழ்க்கையில் நாம் இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். ஒன்றை மூடி மற்றொன்றைப் பழக்குவது பாதி வேலைதான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹெஸ்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பெரியவர்கள் 18 பேரை இரண்டு வாரம் இப்படி விளையாடவைத்து முன்னேற்றம் கண்டனர். வளர்ந்த மூளையும் மாறும் என்ற நம்பிக்கைக்கு அது வலுச் சேர்த்தது. டல்லாஸ் நகரில் 28 குழந்தைகளோடு நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. இரண்டு வாரத்தில் தங்கம் தோண்டும் விளையாட்டை ஆடியவர்கள் பார்வைப் பலகையில் ஒன்றரை வரி முன்னேறினார்கள். பேட்ச் ஒட்டியவர்களுக்கு முக்கால் வரிகூடக் கிடைக்கவில்லை. இன்னொரு நல்ல அம்சம், எத்தனை நிமிடம் ஆடியது என்று கருவியே பதிவு செய்துவிடும். பேட்சில் அம்மா சொல்வதை மருத்துவர் நம்புவதைத் தவிர வழியில்லை.

பெரிய ஆய்வுகள் வந்தபோது உற்சாகம் தணிந்தது. பீடிக் குழு 5 முதல் 12 வயது வரையிலான 385 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அதே 2016-இல் வெளியானது. 16 வாரத்தில் பேட்ச் குழு சராசரியாக 1.35 வரி முன்னேறியது, விளையாட்டுக் குழு 1.05 வரி. ஆழத்தை உணரும் பார்வையிலும் விளையாட்டுக்குத் தனி மேன்மை தென்படவில்லை. இரண்டு கண்ணையும் இணைப்பேன் என்று வந்த முறை அந்த இடத்திலேயே முந்தவில்லை என்பது கடுமையான குறை. அதைவிட யோசிக்கவைப்பது இன்னொரு கணக்கு: சொன்ன அளவில் முக்கால் பங்குக்கு மேல் விளையாடியவர்கள் 22 சதவீதம் பேர்தான். பேட்சை வெறுக்கும் பிள்ளைக்கு மாற்றாக வந்த விளையாட்டு, சில வாரங்களில் பிள்ளைக்கே அலுத்துவிட்டது. பிறகு 2018-இல், 7 வயது முதல் 55 வயது வரை 115 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை விளையாட்டும் ஒப்பீட்டுக்கான போலி விளையாட்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

புதிய கருவிகள் இந்த அலுப்பைப் புரிந்துகொண்டன. 2021-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற லூமினோபியா, விளையாட்டுக்குப் பதில் பிள்ளைக்குப் பிடித்த கார்ட்டூனையே இரண்டு கண்ணுக்கும் பிரித்துக் காட்டுகிறது. 12 வாரத்தில் 1.8 வரி முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரி. நல்ல முடிவுதான். ஆனால் ஒப்பீடு கண்ணாடியோடு நடந்தது, பேட்சோடு அல்ல. பேட்சோடு நேருக்கு நேர் மோதிய கியூர்சைட் கருவி, 16 வாரத்தில் பேட்சுக்குக் குறையாத பலனைக் காட்டியது. ஆக, இன்றைய நிலையில் இருகண் சிகிச்சை சிறப்பாக நடந்தால் பேட்சுக்கு இணை. அதை வென்றுவிட்டது என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவும் சின்னாளபட்டியில் தறியில் உட்காரும் அப்பாவும், இந்தச் சிகிச்சைக்காகப் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரம் சிவப்பு-பச்சைக் கண்ணாடி மாட்டி, சரியான தூரத்தில் உட்காரவைத்துக் கண்காணிக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. கேம் விளையாடினால் கண் சரியாகும் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, சாதாரண கேமைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது. அதில் நல்ல கண்தான் முழு ஆட்டத்தையும் ஆடும்; மங்கல் கண் முன்போலவே ஒதுங்கியிருக்கும். பெரிய மாறுகண் உள்ள பிள்ளைக்கு, கண்கள் நேராகும்வரை இருகண் விளையாட்டு சரிவராது. கண்புரை உள்ள பிள்ளைக்கு முதலில் அறுவை சிகிச்சை வேண்டும்.

மும்பையில் உருவான பைனாக்ஸ் போன்ற இந்தியத் தயாரிப்புகள் வந்துவிட்டதால் வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஒரு கருவி என்பதைவிட, ஊருக்குப் பொதுவான ஒரு பயிற்சி அறைதான் இங்கே பொருந்தும். 2022 முதல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் கண் பிரிவில் மாலை வேளையில் இரண்டு கணினியும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால், அலுப்பு, கண்காணிப்பு, செலவு மூன்றையும் ஒருசேரச் சமாளிக்கலாம்.

அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை வேறு. தமிழகத்தில் 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தருகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். பதினோரு வயதில் கண்டுபிடிக்கப்படும் சோம்பேறிக் கண், மூளை எளிதில் வளைந்துகொடுக்கும் காலத்தைத் தாண்டிவிட்டது. 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அந்த வருகையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். சோதிக்கும் விதத்திலும் கவனம் தேவை. கையால் கண்ணை மூடு என்றால் பிள்ளை விரலிடுக்கில் எட்டிப் பார்த்து எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்லிவிடும். பேரேட்டில் பார்வை சரி என்று ஏறிவிடும். உள்ளங்கையால் பெரியவர் ஒருவர் மூட வேண்டும், அல்லது மூடுகருவி வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்ற பேச்சையும் நம் வீடுகளில் நிறுத்த வேண்டும். அந்தப் பேச்சு பறித்த பார்வை கொஞ்சமல்ல.

சீக்கிரம் கண்டுபிடித்தால் செலவே வேறு. பவர் வித்தியாசத்தால் வரும் குறையில் சுமார் கால்பங்குக் குழந்தைகளுக்குச் சரியான கண்ணாடி மட்டுமே போதும் என்று 2006-இல் வெளியான பீடிக் ஆய்வு காட்டியது. வயது தாண்டிய பிள்ளையையும் கைவிடக் கூடாது. 7 முதல் 12 வயதினரில் கண்ணாடியோடு பேட்சும் சொட்டு மருந்தும் சேர்த்துத் தந்தபோது 53 சதவீதம் பேர் இரண்டு வரி அல்லது அதற்கு மேல் முன்னேறினர். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேர்.

ஆகவே வரிசை இதுதான். மூன்று நான்கு வயதில் பரிசோதனை. சரியான கண்ணாடி, அதைத் தினமும் போடும் பழக்கம். சில மாதத்தில் பார்வை தேறாவிட்டால் 2 மணி நேர பேட்ச் அல்லது சொட்டு மருந்து. அதை ஏற்காத பிள்ளைக்கும் அதில் முன்னேற்றம் நின்றுபோன பிள்ளைக்கும் கண்காணிப்போடு இருகண் விளையாட்டு. அந்த நான்காம் இடத்தில் விளையாட்டு மதிப்புமிக்க கருவி. அதை வாங்குவதற்கு அரசிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் மாவட்டத்தின் கையில் ஒரு ரூபாய் மட்டும் இருந்தால், அது அங்கன்வாடிப் பரிசோதனைக்குப் போகட்டும். பெற்றோர் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று மாலையே பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. ஏதாவது ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், வாரக்கடைசி வரை தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிள்ளை தட்டிவிடாமல் இருந்தாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை முறையான பரிசோதனை செய்துவிடுங்கள்.