அடைக்கலப்பட்டணத்தில் ஒரு கூலிக்கொலையாளி: 'இன் புரூஜ்' திரைப்படம் பற்றி ஓர் இறையியல் திறனாய்வு

திரைப்படம் என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம் திருச்சபைகளில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அதிலும் கூலிக்குக் கொலைசெய்யும் இளைஞர்களைக் கதைத்தலைவர்களாக்கி, கொலைகளுக்கிடையே பார்ப்போரைச் சிரிக்கவும் வைக்கும் ஆங்கிலப் படங்களைப்பற்றி இறையியல் ஏடொன்றில் எழுதுவது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாணவர்கள் இவற்றைத் தம் கைப்பேசிகளிலேயே பார்த்துவிடுகிறார்கள் என்பது ஒரு விடை. ஆனால் அது போதிய விடையன்று. பாவம், குற்றவுணர்வு, நியாயத்தீர்ப்பு, மன்னிப்பு ஆகிய சொற்களை நாம் பிரசங்கபீடத்தில் ஓயாமல் வழங்கி அவற்றின் கூர்மையை மழுக்கிவிட்டோம். திருச்சபைக்குப் புறம்பே நிற்கும் கலைஞர் ஒருவர் அவற்றை மீண்டும் தீட்டித் தருவாரானால் அவருக்குச் செவிகொடுப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

இவ்வகைப் படைப்புகளுக்கு ஒரு மரபு உண்டு. ஹெரால்ட் பின்ட்டர் 1957இல் எழுதிய 'த டம் வெய்ட்டர்' நாடகத்தில் இரண்டு கூலிக்கொலையாளிகள் ஓர் அறையில் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கின்றனர். தேநீரைப்பற்றியும் செய்தித்தாளைப்பற்றியும் பேசிப் பொழுதைக் கழிக்கின்றனர். இறுதியில் கொல்லப்படவேண்டியவன் அவர்களுள் ஒருவனே என்று தெரியவருகிறது. குவெண்டின் டாரண்டினோவின் 'பல்ப் ஃபிக்ஷன்' (1994) படத்தில் ஒரு கொலையாளி தன் இரையைச் சுடுமுன் எசேக்கியேல் 25:17 என்று அறிவித்து ஒரு வசனத்தை முழங்குகிறான். வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் அவன் கூறுவதில் பெரும்பகுதி அங்கே இல்லை. (இதைக் கண்டு நகைக்கும் போதகர்கள் தம் சொந்தப் பிரசங்க மேற்கோள்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.) இம்மரபில் வந்தவற்றுள் இறையியல் மாணவர்களுக்கு மிகுந்த பயன் தரத்தக்கது 2008இல் வெளிவந்த 'இன் புரூஜ்' என்பது நம் கருத்து. அதை எழுதி இயக்கிய மார்ட்டின் மெக்டோனா, 1970இல் இலண்டனில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். நாடகாசிரியராய்ப் புகழ்பெற்றபின் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. படம் நெடுகிலும் வசைச்சொற்கள் மலிந்துள்ளன என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்கதன்று.

கதை சுருக்கமானது. ரே என்னும் இளைஞன் தன் முதற்கொலையைச் செய்கிறான். கொல்லப்படவேண்டியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. ரே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து, தான் கொலைப்பாவம் செய்ததாக அக்குருவிடமே அறிக்கையிடுகிறான். எதற்காகக் கொன்றாய் என்று கேட்கிறார் குரு, கூலிக்காக என்கிறான். யாரை என்று கேட்கிறார், உம்மைத்தான் என்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது. இன்னும் செய்யாத பாவத்தை முன்கூட்டி அறிக்கையிடும் இந்தத் தலைகீழான சடங்குக்குப் பின், குருவைத் துளைத்துச் சென்ற குண்டு அப்பால் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு சிறுவனின் நெற்றியில் பாய்ந்துவிட்டது என்பது தெரியவருகிறது. அச்சிறுவன் கையில் ஒரு தாள். அறிக்கையிடவேண்டிய தன் பாவங்களை அவன் அதில் எண்ணிட்டு எழுதிவைத்திருக்கிறான். சிடுசிடுப்பாயிருப்பது, கணக்கில் பின்தங்கியிருப்பது, துக்கமாயிருப்பது. இவ்வளவே. துக்கமாயிருப்பதைப் பாவமென்று அச்சிறுவனுக்குக் கற்பித்தவர் யார் என்ற கேள்வியைப் படம் வெளிப்படையாய் எழுப்பவில்லை. ஞாயிறு பள்ளி நடத்தும் நாம் எழுப்பிக்கொள்ளலாம்.

துப்பாக்கியைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டு, ஓர் உணவுக்கடையின் கழிப்பறையில் கைகளைக் கழுவிக்கொண்டு, அடுத்த கட்டளைக்காக வீடு திரும்பியதாக ரே படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். பிலாத்துவின் தண்ணீரை நினைக்காமல் இதைக் கேட்க முடியவில்லை. முதலாளி ஹாரி, ரேயையும் அவனுக்கு மூத்தவனான கென் என்பவனையும் பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகருக்குப் போய் மறைந்திருக்கச் சொல்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்கள்; விடுதியில் ஒரே அறை. கென் சுற்றுலாப் பயணிபோல் ஆலயங்களையும் கால்வாய்களையும் பார்த்து மகிழ்கிறான். ரேக்கு அந்நகரம் நரகமாயிருக்கிறது. சில நாட்களில் ஹாரி தொலைபேசியில் கென்னுக்கு உண்மையைச் சொல்கிறான்: சிறுவனைக் கொன்றவன் சாகவேண்டும், கொல்லவேண்டியவன் நீ, சாகுமுன் அவன் ஓர் அழகிய நகரத்தைப் பார்த்து மகிழட்டும் என்றே அங்கு அனுப்பினேன்.

வேதாகமம் கற்றவர்க்கு இவ்விடத்தில் எண்ணாகமம் 35ஆம் அதிகாரமும் யோசுவா 20ஆம் அதிகாரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் இரத்தப்பழி வாங்குகிறவனுக்குத் தப்பி ஓடிப்போய்த் தங்குவதற்காக அடைக்கலப்பட்டணங்கள் ஏற்படுத்தப்பட்டன. மனதறிந்து கொலைசெய்தவனுக்கோ அங்கு இடமில்லை. அவன் உயிருக்கு ஈடாக மீட்புப்பணம் வாங்கவும் கூடாது. ரே இவ்விருவருள் யார்? சிறுவனைப் பொறுத்தமட்டில் கைப்பிசகாய்க் கொன்றவன். குருவைப் பொறுத்தமட்டில் மனதறிந்து கொன்றவன். ஒரே குண்டினால் அவன் இருவகைக் கொலையாளியுமாகிறான். நியாயப்பிரமாணம் எவ்வளவு நுண்மையாய் வகுத்தாலும் அவ்வகுப்புகளுக்குள் அடங்காதவனாய் மனிதன் நிற்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பழிவாங்க வருகிற ஹாரியோ அக்கொலைக்குக் கூலி கொடுத்தவன்.

புரூஜின் குரூனிங்கே அருங்காட்சியகத்தில் இருவரும் ஓவியங்களைப் பார்க்கும் காட்சியை நாம் பலமுறை பார்த்தோம். ஜெரார்ட் டேவிட் 1498இல் தீட்டிய 'கேம்பைசிஸின் தீர்ப்பு' அங்கே உள்ளது: இலஞ்சம் வாங்கி அநீதியாய்த் தீர்ப்பளித்த நீதிபதியின் தோல் உயிரோடு உரிக்கப்படுகிறது. நீதிபதிகளுக்கு எச்சரிக்கையாக அந்நகரின் மன்றத்தில் வைக்கவென்றே செய்விக்கப்பட்ட ஓவியம் அது. அடுத்து ஹிரோனிமஸ் பாஷின் 'இறுதித் தீர்ப்பு'. அதன்முன் நின்று ரே கேட்கும் கேள்விகள் சிறுபிள்ளையின் கேள்விகள்போல் உள்ளன: இவற்றையெல்லாம் நீ நம்புகிறாயா? நரகம் உண்டா? உத்தரிக்கிற ஸ்தலத்தை அவன் விளக்கும் விதம் திரையரங்கைச் சிரிக்கவைக்கும். மிகக் கெட்டதுமன்று, அப்படியொன்றும் நல்லதுமன்று, டாட்டன்ஹாம் கால்பந்துக் குழுவைப்போல என்கிறான். ஆனால் அச்சிரிப்பு ஓய்ந்ததும், கேட்பவன் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்பது நமக்கு உறைக்கிறது. அவல நகைச்சுவை இங்கே தன் உரிய வேலையைச் செய்கிறது. நேரடியாய்ச் சொன்னால் நாம் கதவடைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை அது சிரிப்பின் வழியாய் உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

ஹாரியைப்பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். அவன் ஒழுக்கமற்றவன் அல்லன். அதுவே அவனிடத்தில் நம்மை அச்சுறுத்துவது. மனைவி மக்களோடு வாழ்கிறான், கொள்கை உடையவன். தான் ஒரு பிள்ளையைக் கொன்றிருந்தால் அவ்விடத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பேன் என்கிறான், அதை மெய்யாகவே நம்புகிறான். விடுதியை நடத்தும் கர்ப்பிணிப் பெண் குறுக்கே நிற்கையில், அவளுக்கு ஆபத்து நேராதபடி எப்படி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வது என்று அவனும் ரேயும் மிகுந்த பண்போடு பேரம் பேசுகிறார்கள். பின்னர் அவன் ரேயைச் சுடும்போது குண்டு மறுபடியும் துளைத்துச் சென்று, பள்ளிச்சிறுவன் உடையில் இருந்த குள்ளமான நடிகர் ஒருவரைக் கொல்கிறது. பிள்ளையைக் கொன்றுவிட்டதாக எண்ணிய ஹாரி, கொள்கை கொள்கையே என்று துப்பாக்கியைத் தன் வாயில் வைத்துக்கொள்கிறான். குண்டடிபட்டுக் கிடக்கும் ரே உண்மையைச் சொல்ல முயல்கிறான், ஹாரி கேட்கவில்லை. கிருபையை அறியாத நியாயப்பிரமாணம் இறுதியில் தன்னையே தூக்கிலிடுகிறது, அதுவும் சாட்சியைக் கேளாமல், தவறான வழக்கில். ரோமர் நிருபத்தை நடத்தும் ஆசிரியர் இக்காட்சியை வகுப்பில் கூறுவதற்குத் தயங்கவேண்டியதில்லை.

இனி ரேயின் துக்கத்துக்கு வருவோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் வேறுபடுத்துகிறார். பின்னது மரணத்தில் முடிகிறது. யூதாஸும் பேதுருவும் ஒரே இரவில் ஆண்டவருக்குத் துரோகம் செய்தனர். ஒருவன் நான்றுகொண்டான், மற்றவன் அழுதான், ஆனால் உயிரோடிருந்தான். பூங்காவில் ரே தன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொள்கிறான். அதே நொடியில் அவனைக் கொல்வதற்காகப் பின்னால் வந்துநிற்கும் கென், தன்னையறியாமல் அவனைத் தடுத்துவிடுகிறான். கொல்ல வந்தவன் காப்பாற்றுகிறான். சாக வந்தவன், என்னைக் கொல்லவா வந்தாய் என்று கோபித்துக்கொள்கிறான். செத்து யாருக்கு என்ன பயன், போய் அடுத்த சிறுவனைக் காப்பாற்று என்கிறான் கென். மருத்துவனாகவா, அதற்குத் தேர்வுகள் எழுதவேண்டுமே என்கிறான் ரே. மேய்ப்புப்பணியில் தற்கொலையின் விளிம்பில் நிற்பவரோடு பேசியவர்கள் இவ்வுரையாடலின் உண்மையை உணர்வர். பெரிய வார்த்தைகள் அங்கே எடுபடுவதில்லை. ஒரு மனிதன் மற்றொருவனின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்வதே முதற்காரியம்.

கென் பின்னர் 83 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டிலிருந்து, ரேயை எச்சரிக்கும் பொருட்டுத் தானே குதித்து உயிர்விடுகிறான். கீழே இருப்போர் விலகும்படி முதலில் நாணயங்களை வீசுகிறான். இதைக் கண்டதும் கிறிஸ்துவின் சாயலென்று பிரசங்கக் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவோர் உண்டு. சற்றுப் பொறுக்கவேண்டும். ரேக்குக் கொடுப்பதற்கென்று அவன் கொண்டுவந்த துப்பாக்கி விழுந்த வேகத்தில் நொறுங்கிப்போகிறது. அன்பு மெய்யானது, உதவியோ உடைந்துபோனது. மனிதனின் தியாகத்துக்குரிய எல்லையைப் படம் இவ்வளவு நேர்மையாய்க் காட்டியிருக்க, நாம் அதைப் பூசி மெழுகுதல் முறையன்று.

இறுதிக்காட்சியில் ரே தூக்கிச்செல்லப்படுகையில் அவன் மனக்குரல் கேட்கிறது. பிழைத்தால், கிறிஸ்துமஸ் மரத்தடியில் பிரிக்கப்படாத பரிசுகள் கிடக்கும் அந்த வீட்டுக்குப் போய், சிறுவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் விதிக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்வேன் என்று எண்ணுகிறான். உடனே, நரகம் என்பது நித்தியகாலமும் புரூஜில் இருப்பதாயிருக்குமோ என்ற நகைச்சுவையும் வந்துவிடுகிறது. பின்பு, தான் சாகக்கூடாது என்று மெய்யாகவே விரும்புகிறான். படம் அத்துடன் முடிகிறது. தண்டனையாய்ச் சாவை விரும்பியவன், குற்றஞ்சாட்டப்படும்பொருட்டு வாழ்வை விரும்புகிறவனாகிறான். மனந்திரும்புதல் என்று நாம் சொல்வது இதைவிட வேறென்ன?

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்கு இங்கே ஒரு நெருடல் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய போதனையை நாம் மறுத்தோம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் 22ஆவது அதை வெளிப்படையாய் மறுக்கிறது. அம்மறுப்பில் நாம் உறுதியாய் நிற்கிறோம். ஆனால் தனியறிக்கையை லுத்தர் தள்ளிவிடவில்லை. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை 11ஆம் பிரிவில் தனி மன்னிப்புரையைத் திருச்சபையில் காத்துக்கொள்ளவேண்டுமென்கிறது. 1939இல் வெளிவந்த தம் நூலில் போன்ஹோஃபர் சகோதரனிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். நாமோ ஞாயிறுதோறும் சபையாகக் கூடி ஒரே குரலில் பொது அறிக்கை சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். ரேயைப்போன்ற ஒருவன் நம் ஆலயத்துக்குள் வந்தால், நான் கொன்றேன் என்று அவன் யாரிடம், எந்த இடத்தில் சொல்வான்? ஆயரின் அலுவலக அறையில், கணக்குப் புத்தகங்களுக்கும் தொலைபேசிக்கும் நடுவிலா?

படத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பருமனான சுற்றுலாப் பயணிகளைக் கேலிசெய்யும் இடங்களும், குள்ளமான நடிகரைச் சுற்றி எழும் சிரிப்பும் மலிவானவை. கொலையாளிகளின் அற்பத்தனத்தைப் பார்த்து வரும் சிரிப்பிலிருந்து இவை தரத்தில் மிகத் தாழ்ந்தவை. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிறுவனுக்காக ரே அழுகிறான், ஹாரி கொதிக்கிறான், கென் உயிர்விடுகிறான். அந்தக் குருவுக்காக அழுபவர் எவருமில்லை. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதும் சொல்லப்படவில்லை. அவருடைய பங்குமக்கள் எங்கே? மன்னிப்புக் கேட்கவேண்டியவர்களின் பட்டியலில் அவரைச் சார்ந்தவர்கள் ஏன் இல்லை? வயதுவந்த ஒருவரைக் கூலிக்குக் கொல்வது தொழில், பிள்ளையைக் கொல்வதே பாவம் என்ற கூலிக்கொலையாளிகளின் கணக்கைப் படமும் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. தலைகீழாய்ப் போன அந்தப் பாவசங்கீர்த்தனத்தை ரே இறுதிவரை நேராக்கவில்லை.

இயக்குநரின் மூத்த சகோதரர் ஜான் மைக்கேல் மெக்டோனா 2014இல் எழுதி இயக்கிய 'கால்வரி' படமும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்தான் தொடங்குகிறது. வேறொரு குருவால் பிள்ளைப்பருவத்தில் சீரழிக்கப்பட்ட ஒருவன், நல்லவரான ஒரு குருவை ஒரு வாரத்தில் கொல்லப்போவதாக அவரிடமே அறிவிக்கிறான். இங்கே குருவுக்குப் பெயர் உண்டு, மகள் உண்டு, ஏழு நாள் வாழ்வும் உண்டு. கென்னாக நடித்த பிரெண்டன் கிளீசனே அக்குருவாகவும் நடித்திருக்கிறார். முதற்படத்தைப் பார்க்கும் மாணவர்கள் இதையும் அடுத்த வாரமே பார்த்துவிடுவது நன்று.