வாய் திறக்காத சுராங்கனி

சாயல்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. மைக் செட்காரர் ‘சுராங்கனி’யைப் போட்டதும் பந்தியில் இருந்த இளவட்டங்கள் பாதிச் சோற்றில் எழுந்து ஆடப் போய்விட்டார்கள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் மூக்கையூரில் மீன் விற்றே பிள்ளைகளைக் கரையேற்றியவர். “இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் ஆத்தா?” என்றேன். “சிலோன்காரன் பாட்டுய்யா. அர்த்தத்தை யாரு கண்டா?”

நேர்கோட்டில் அளந்தால் சாயல்குடிக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, நம் கரையோர ரேடியோக்களின் முள் தானாகத் தென்கிழக்கே திரும்பியது. 1957இல் விவித பாரதி வந்த பிறகும் இலங்கை வானொலியின் பிடி தளரவில்லை. சினிமாப் பாட்டுக்காகத் திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் சினிமா சாராத இன்னொரு பாட்டும் வந்தது. அதை ஈழத்தவர் பொப்பிசை என்றார்கள்.

அறுபதுகளில் பீட்டில்ஸ் அலை கொழும்பையும் தொட்டது. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவாகச் சிங்களத்துக்குள் கிதாரைக் கொண்டுவந்தார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம் அறுபதுகளின் இறுதியில் பாட வந்தார், எழுபதுகளில் ஏ.இ. மனோகரன் பொப்பிசையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தாளம் மட்டும் பீட்டில்ஸின் லிவர்பூலிலிருந்து வரவில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலாவின் ஆறெட்டுத் துள்ளல் அது.

இந்த இசையின் முதல் பலம், சினிமாவின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை என்பது. கதாநாயகன் வாயசைக்கவும் காட்சி அமையவும் காத்திராமல், பாடகரே தன் பாட்டோடு மேடையேறினார். தமிழகத்தில் அன்று அப்படி ஒரு மேடைக்குக் கச்சேரியும் நாட்டுப்புறமும் தவிர வேறு இடமில்லை. ‘காதலிக்க நேரமில்லை’ காலத்து மேற்கத்தியத் துள்ளல்கூடத் திரைக்குள்தான் துள்ளியது. வந்த வேகத்தில் ‘சுராங்கனி’யையே சினிமா வாங்கிக்கொண்டது, 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அது ஒலித்தது.

இரண்டாவது பலம் மொழி. ‘சின்ன மாமியே’ பாட்டில் மருமகனும் மாமியும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். நம் பக்கம் அத்தை என்று கூப்பிடுபவர்களும் அந்த மாமியை அடையாளம் கண்டு சிரித்தார்கள். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இன்னும் நெருக்கம். சாயல்குடியும் பனை பூமிதானே. தமிழ்நாட்டில் 1987இல் கள்ளுக்குத் தடை வந்து கடையே இல்லாமல் போயிற்று. கெஞ்சும் அந்தப் பாட்டு மட்டும் நிற்கிறது, அதுவும் பெரும்பாலும் குடித்துவிட்டு வந்தவர்கள் ஆடுவதற்காக.

குறையும் இந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது. ‘சின்ன மாமியே’ முழுக்க ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு. எங்கே போனாள், யார் கண்ணடிப்பார்கள் என்று மாமியும் மருமகனும் வாதாடுகிறார்கள். அவள் ஒரு சொல் பேசவில்லை. சுராங்கனியும் அப்படித்தான். பேர் அவளுடையது, குரல் அவளுடையதில்லை.

பீட்டில்ஸும் இங்கேதான் தொடங்கினார்கள். 1963இல் ‘ஷி லவ்ஸ் யூ’ பாடியபோது அவர்கள் பாட்டுப் பெண்ணும் இரண்டு பையன்களின் பேச்சில் அடிபடும் பெயரற்ற ஒருத்திதான். மூன்றே ஆண்டில், 1966இல், ‘எலினார் ரிக்பி’ வந்தது. கிதாரையும் டிரம்ஸையும் ஒதுக்கிவிட்டு, எட்டுத் தந்தி வாத்தியங்களோடு, யாருமற்ற ஒருத்தியின் தனிமையை எட்டிப் பார்த்தார்கள். தமிழ்ப் பொப்பிசைக்கு அப்படி ஒரு 1966 வாய்க்கவில்லை.

வசதி ஒன்றல்ல என்பது நியாயமான வாதம். மேடையை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் மாதக்கணக்கில் அடைந்துகிடக்க பீட்டில்ஸுக்குப் பணம் இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடகருக்கு மேடைதான் சோறு. மேடை கேட்டது சிரிப்பை. 1983 ஜூலைக் கலவரத்துக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் பிறகு பாடியவர்களும் கேட்டவர்களும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்தார்.

ஆனாலும் எல்லாப் பழியையும் போர்மேல் போட முடியாது. அதற்கு முன் ஒரு முழுப் பத்தாண்டு கையில் இருந்தது. ஒரே தாளமும் ஒரே கேலியும் கைதட்டல் வாங்கித் தந்ததால், அடுத்த படியில் கால்வைக்கும் அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தை ஆட வைப்பது பெரிய கலை. ஆடி முடித்தவனை வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்க வைப்பது அதற்கடுத்த கலை. முதலாவதை இவர்கள் பிசகில்லாமல் செய்தார்கள். 1976இல் மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டன. பாட்டு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. அது சின்ன சாதனையில்லை.

ஆத்தாவிடம் சொன்னேன்: “அது மீன் பாட்டு ஆத்தா. சிங்களத்தில் ஒருத்தன் சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருக்கேன்னு பாடுறான்.”

ஆத்தா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். “மீனா? அப்ப அந்தப் புள்ள என்ன சொல்லுச்சாம்? நல்ல மீனா, நேத்துப் புடிச்சதான்னு ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா?”