ஒன்பது வயதிலேயே நின்றுபோன வீமன்

கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காமயகவுண்டன்பட்டியைச் சுற்றுவட்டாரத்தில் கே.கே.பட்டி என்றால்தான் சட்டென்று தெரியும். விடியுமுன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரள மலைக்குக் கிளம்பிவிடும் பள்ளத்தாக்கு இது. அம்மா மலையேறிப் போன வீட்டில் பிள்ளைக்குத் துணை அப்பத்தாவும் தொலைக்காட்சியும்தான். அந்தத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாகத் தமிழ் பேசிக்கொண்டு ஓடுகிறான் ஒரு தெலுங்கு நாட்டுப் பையன்: சோட்டா பீம். பிள்ளையை வளர்ப்பதில் அப்பத்தாவுக்கு அடுத்த பங்கு அவனுக்கு இருக்கிறது என்றால், அவனைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் மென்பொருள் வேலையை விட்டுவந்த ராஜீவ் சிலகா, 2001இல் ஐதராபாத்தில் கிரீன் கோல்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 2008 ஏப்ரலில் போகோ சேனலில் பீம் வந்தான். அதுவரை நம் குழந்தைகள் பார்த்த கார்ட்டூனில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்கு, மீதி ஜப்பான் சரக்கு. இந்திய ஸ்டூடியோக்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தன. விதிவிலக்குகள் உண்டு. திருவனந்தபுரத்து டூன்ஸ் நிறுவனம் 2003இலேயே தெனாலிராமனைக் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தது. தெனாலிராமன் நமக்கு இன்னும் நெருக்கமானவன்தான். ஆனால் அவனுடைய முதலே வாய். மொழி மாற்றும்போது பாதி நகைச்சுவை வழியிலேயே சிந்திவிடும். பீமின் முதல் தோள்பலம். குத்து எந்த மொழியிலும் குத்துதான். பல மொழி பேசும் நாட்டில் ஒரு கார்ட்டூன் நாயகன் ஊன்றி நிற்க, அறிவைவிட உடம்பு உதவும் என்று கண்டுகொண்டதில் வியாபார புத்தி இருக்கிறது. கலை புத்தியும் கொஞ்சம் இருக்கிறது.

உருவத்தையும் பாராட்டத்தான் வேண்டும். வட்ட முகம், திறந்த மார்பு, ஆரஞ்சு வேட்டி, கையில் லட்டு. நான்கே அடையாளம், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் வரைந்துவிடும். கணினியில் குறைந்த செலவில் அசைக்கவும் தோதான உருவம். அசைவு நயமாக இல்லை, கை கால் ஆணியில் மாட்டியதுபோல ஆடுகிறது என்று குறை சொல்பவர்கள், அந்தச் செலவில்தான் ஓர் இந்திய ஸ்டூடியோ வாரந்தோறும் கதை கொடுக்க முடிந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என்னுடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1928இல் ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தில் வந்த மிக்கி மவுஸ் நல்ல பிள்ளை இல்லை. பூனையைச் சுழற்றி இசைக்கருவி ஆக்குவான். புகழ் ஏற ஏற அவனுடைய குறும்பு குறைந்தது. கண் பெரிதானது, முகம் உருண்டது, கைக்கு வெள்ளை உறை வந்தது. மிக்கி வயது ஆக ஆகக் குழந்தை முகமாக மாறிய கதையை உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு 1979இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். மிக்கி கைவிட்ட கோபத்தைச் சுமக்க 1934இல் டொனால்டு வாத்து பிறக்க வேண்டியிருந்தது. பீமோ முதல் நாளே நல்ல பிள்ளையாகப் பிறந்துவிட்டான். அவனுக்கு வரவேண்டிய பொறாமை, பேராசை, அசட்டுத்தனம் எல்லாம் காளியா என்ற பையனின் தலையில் கட்டப்பட்டன. அந்தக் காளியா கறுப்பு, குண்டு. நாயகன் சிவப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் விளையாடும் எந்தப் பிள்ளையும் கண்ணாடியில் பார்த்தால் காளியாவின் நிறத்தைத்தான் பார்க்கும். இதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். அப்படி யோசிக்காமல் விட்டதுதான் என் புகார்.

பாரதத்து வீமனை நினைத்தால், பீமை வெறும் நல்ல பிள்ளையாக்கிய நஷ்டம் இன்னும் கூடுகிறது. துரியோதனன் நஞ்சூட்டி ஆற்றில் தள்ளிய பையன் அவன். பகாசுரனுக்கு வண்டியில் கொண்டுபோன சோற்றை, அவன் கண் முன்னாலேயே உட்கார்ந்து தின்றவன். விராடன் அரண்மனையில் சமையற்காரனாக வேலை பார்த்து, திரௌபதியின் கண்ணீருக்காகக் கீசகனைக் கொன்றவன். பீமபாகம் என்று நாம் இன்றும் விருந்தைப் புகழ்வது அவன் பேரால்தான். பசி, அவமானம், காதல், வஞ்சினம் எல்லாம் ஒரே உடம்பில் கிடந்த பாத்திரத்திலிருந்து ஐதராபாத் எடுத்துக்கொண்டது பசியை மட்டும். அதுவும் லட்டுப் பசி. குழந்தைக்குக் கீசகவதம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் தோற்றுப்போய் அழும் பீமைக் காட்டியிருக்கலாமே. லட்டு தின்றதும் பலம் வருவது அமெரிக்காவின் பப்பாய் கீரை தின்று பலம் பெற்ற அதே சூத்திரம். சூத்திரம் தெரிந்த பிறகு எந்தச் சண்டையிலும் பதற்றம் கிடையாது.

பீமின் ஊரான தோலக்பூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜா உண்டு, கொள்ளைக்காரர் உண்டு, டுன்டுன் மௌசியின் லட்டுக்கடை உண்டு. அந்தக் கடலைமாவுக்குக் கடலை விளைவித்தது யார், அவர் கூலி எவ்வளவு என்ற பேச்சு மட்டும் காதில் விழுவதே அரிது. பெரியாறு அணைத் தண்ணீர் எத்தனை அடி என்று டீக்கடையில் தினமும் விசாரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கிராமம் சினிமா செட் போலத்தான் படும். குழந்தைக் கதையில் பொருளாதாரம் எதற்கு என்று கேட்கலாம். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும் நாளில் உள்ளே விளையாடப் போகக் கூடாது என்று தெரிந்த பிள்ளைக்கு, வயலும் தண்ணீரும் கதையாகாமல் இருக்காது.

வளர்ச்சி என்று நிறுவனம் சொல்வது பெரும்பாலும் பெருக்கம்தான். 2011இல் மைட்டி ராஜு, 2012இல் தியேட்டர் படம், பிறகு முப்பரிமாண சூப்பர் பீம், 2024 மே மாதம் உண்மை நடிகர்களோடு ஒரு படம். கூடவே பைகள், தண்ணீர் பாட்டில்கள், பென்சில் டப்பாக்கள். பார்த்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவனுக்கு மட்டும் இன்னும் ஒன்பது வயது. 2020இல் பீம் தன் தோழி சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியை மணக்கிறான் என்று இணையத்தில் பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் எல்லாம் இன்னும் குழந்தைகள்தான், கல்யாணமே கிடையாது என்று கிரீன் கோல்ட் அறிக்கை விட நேர்ந்தது. சிரிப்பாக இருந்தாலும், அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. அத்தனை வருஷமும் லட்டு எடுத்துக்கொடுத்த சுட்கிக்குக் கதையில் என்ன கிடைத்தது?

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது. 2019இல் நெட்பிளிக்ஸுக்காகச் செய்த ‘மைட்டி லிட்டில் பீம்’. இதில் பீம் தவழும் குழந்தை, வார்த்தையே பேசுவதில்லை. பேச்சு போனதும் டப்பிங் சிக்கலும் போயிற்று, நீதி உபதேசமும் போயிற்று. லட்டுக்கு ஆசைப்பட்டு வீட்டைத் தலைகீழாக்கும் குழந்தையும், அதன் பின்னால் ஓடும் அம்மாவும் மிச்சம். மிக்கி தொலைத்த குறும்பு இங்கே திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்தக் குழந்தைக்கு எதிரியே தேவைப்படவில்லை; காளியாவின் நிறமும் உறுத்தவில்லை.

வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் இந்தத் தொடரைத் தேடிப் போட்டுக்கொடுங்கள். 2008இன் பழைய தொடரை ஒன்றிரண்டு கதையோடு நிறுத்திக்கொள்ளலாம். தியேட்டர் படங்களை விட்டுவிடலாம். பகாசுரனின் சோற்று வண்டிக் கதையை அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது எந்தப் படத்தையும்விட நன்றாக இருக்கும்.