வாடையின் அரசியல்: வடவம், கொலொம்போ, பூட்டிய வீடு

1

பாகூர் ஏரிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் 'சொல்தா வீடு' என்று ஒரு வீடு இருந்தது. காலனியின் முதல் மாடி வீடு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போரில் நின்று திரும்பிய பெரியவர் அதில் இருந்தார். பிரான்சு அனுப்பிய பென்ஷனில் கட்டிய வீடு. நான் பள்ளியில் படிக்கும்போது அவரிடம் பிரெஞ்சு எழுத்துகள் கற்கப் போவேன். போகும்போதெல்லாம் ஆயா சொல்லும்: "போ, படி. அந்த வூட்ல தண்ணி கிண்ணி குடிச்சி வெக்காத." நான் குடித்ததில்லை. அவரும் ஒருநாளும் குடிக்கச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதப்போவதெல்லாம் இதற்கு உட்பட்டதுதான்.

கப்பல் விட்டு இறங்கியதும் முதலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "புழுங்கரிசி சோறும் கருவாட்டுக் கொழம்பும். எட்டு வருசமா நெனச்சிக்கினே இருந்தது" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, தமிழ் எம்.ஏ. முடித்து, ரொலான் பார்த்தின் 1957ஆம் ஆண்டு நூலைத் தட்டுத்தடுமாறிப் படித்தபோது இந்தப் பதில் நினைவுக்கு வந்தது. மாட்டிறைச்சித் துண்டமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரெஞ்சுத் தேசியத்தின் குறியாக எப்படி மாறுகின்றன என்று அதில் ஒரு சிறு கட்டுரை. தியன் பியன் பூவில் 1954இல் தோற்றுச் சிறைப்பட்ட தளபதி தெ காஸ்த்ரி, போர் நிறுத்தத்துக்குப்பின் முதலில் கேட்டது உருளைக்கிழங்கு வறுவல் என்ற செய்தியைப் பார்த் எடுத்துக்கொள்கிறார். அது ஒரு ஆளின் நாக்கு ஆசையாக வாசிக்கப்படவில்லை, தேசத்தோடு மீண்டும் சேர்கிற சடங்காக வாசிக்கப்பட்டது என்கிறார்.

அதே போர், அதே படை. தளபதியின் பசி குறியியல் ஆகிறது. எங்கள் ஊர் சொல்தாவின் பசி வெறும் பசியாகவே நின்றுவிடுகிறது. கருவாட்டுக் குழம்பு எந்தத் தேசத்தின் குறி? அவர் கிளம்பியபோது பாகூர் பிரெஞ்சு மண். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஊரில் தேசம் மாறியது. அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது மாறவில்லை.

2

'புலம்பெயர் இலக்கியம்' என்று நாம் இன்று பேசுவது பெரும்பாலும் 1983க்குப் பிந்தைய ஈழத்தவர் எழுத்தை. எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் தொகுத்த 'பனியும் பனையும்' அதன் ஒரு மைல்கல். அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டகத்தில் நிலம், போர், நினைவு ஆகியவை பெருங்கதையாடல்களாக நிற்க, அடுப்பும் கூரையும் பின்புலக் காட்சிகளாக ஒதுங்கிவிடுகின்றன. பெயர்ந்தவனின் முதல் நாள் பிரச்சினை இரண்டுதான்: எங்கே படுப்பது, எதைத் தின்பது. இதை 'வாழ்க்கை விவரம்' என்று தள்ளிவிட்டு அடையாளத்துக்குத் தாவுவது விமர்சனத்தின் பழக்கம். எழுதப்பட்டது எது என்று மட்டும் பார்க்கும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது.

எழுதாதவர்கள் யார்? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், ஆட்களைக் கடத்திக் கப்பலுக்கு விற்ற செய்தி 1743ஆம் ஆண்டில் பதிவாகியிருக்கிறது. எழுதியவர் துபாஷி. விற்கப்பட்டவர் எழுதவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் தொகுதி ஆட்களை இறக்கியது. 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப்பின் ஆங்கிலேயப் பகுதி ஆட்களையும் முறைப்படி எடுக்க முடிந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேர் அளவில் போனார்கள். ரெயூனியோனுக்கு அதைவிட அதிகம். எல்லாரும் புதுச்சேரிக்காரர்கள் அல்ல. பெரும்பாலோர் சுற்றியிருந்த ஆங்கிலேய மாவட்டத்தார். ஆனால் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் எல்லையை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வயலின் இந்த வரப்பு பிரெஞ்சு, அந்த வரப்பு தென்னாற்காடு. பஞ்சத்துக்கு வரப்பு தெரியாது.

அங்கே அவர்களுக்குக் கொடுத்த வீடு எது? பல தோட்டங்களில், நேற்றுவரை அடிமைகள் இருந்த அதே குடிசை வரிசை. ஜோசப் ஸோபெல் 1950இல் எழுதிய மார்த்தினிக் நாவலின் பெயரே அந்தக் குடிசைத் தெருதான். உணவு? ஒப்பந்தப்படி அளந்து கொடுக்கும் அரிசியும் உப்பிட்ட மீனும். விடுதலை பெற்ற அடிமை வெளியேறிய இடத்தில் இவர்களைக் குடிவைத்தார்கள். அதனாலேயே அந்த மக்களின் வெறுப்பையும் இவர்கள் சுமக்க நேர்ந்தது. கூலியைக் குறைக்க வந்தவன் என்ற பெயரும் சேர்ந்தது. வீடு என்பது எப்போதும் யாரோ காலி செய்த இடம் என்பதை நம் அடையாள அரசியல் மறந்துவிடுகிறது.

இவர்கள் விட்டுப்போன பிரதி ஒன்று உண்டு. அதை நூலகத்தில் தேடக்கூடாது. குவாதலூப், மார்த்தினிக் சமையலறைகளில் 'கொலொம்போ' என்று ஒரு பதார்த்தம். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு அரைத்த தூள் போட்டு ஆட்டுக்கறியோடு வைப்பது. 'குழம்பு' என்ற சொல்லின் திரிபு என்பது பரவலான கருத்து. கொழும்பு நகரின் பெயர்தான் அது என்பாரும் உண்டு. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அந்தக் கறி இன்றும் மாலியெமேன் என்ற அம்மனுக்கு, நம் மாரியம்மனுக்கு, கிடாய் வெட்டியபின் ஆக்கிப் பரிமாறப்படுகிறது. மொழி போய்விட்டது, எழுத்து போய்விட்டது, குழம்பு நின்றது. இப்போது அது இந்திய வம்சாவளியினரின் சொத்து மட்டுமில்லை. எல்லாரும் தின்கிற தீவின் உணவு. தீவு குழம்பை ஏற்றுக்கொண்டது. குழம்பு வைத்தவனை ஏற்க நீண்ட காலம் பிடித்தது. குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களின் குடியுரிமைக்காக ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிவுக்கு வந்தது. உணவு முதலில் குடியுரிமை பெறுகிறது, உடல் பிறகு.

3

இதே பிரான்சின் குடியுரிமை நம்மூரில் காகிதமாக வந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணை, சாதி-மத வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரவும் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. துறந்தவர்களில் கிறித்தவர்களும் தலித்துகளும் அதிகம். துறக்க எதுவும் இல்லாதவனுக்குத் துறப்பது எளிது. சைகோனில் எழுத்தர், சுங்கம், போலீஸ், படை வேலைகள் கிடைத்தன. பிறகு 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான கைமாற்றம். இந்தியராக வேண்டாதவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்கலாம். எழுதியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். வயலில் நின்ற பலருக்கு ஆறு மாதம் என்பது ஒரு போகம் நெல். அறுப்பு முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. அன்று எழுதியவரின் பேரன் இன்று 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை'. அவனுக்குச் சீர் தனி விலை.

என் அத்தை மகள் அப்படிக் கட்டிக்கொண்டு போனவள். பாரிசுக்கு வடக்கே ஒரு அரசு அடுக்குமாடியில் ஒன்பதாவது தளம். முதல் குளிர்காலத்தில் தொலைபேசியில் அழுதாள். "தாளிச்சா கீழ் வூட்டுக்காரி வந்து கதவ தட்டுறா. ஜன்னல தொறந்தா வாடக் காத்து, தொறக்கலன்னா வடவ வாட. நான் எங்க போயி தாளிக்கறது?" தமிழில் வாடை என்றால் வடகாற்று, வாடை என்றால் மணமும் நாற்றமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் அளவு இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு பக்கத்து வீட்டுக்காரி மட்டுமில்லை. அப்போது பாரிஸ் மேயராக இருந்த ழாக் சிராக், 1991 ஜூனில் ஒர்லேயானில் பேசும்போது, அரசு அடுக்குமாடிகளில் வெளிநாட்டார் குடும்பங்களின் பக்கத்தில் வாழும் பிரெஞ்சுத் தொழிலாளி அவர்களின் சத்தத்தையும் வாடையையும் பொறுக்கமுடியாமல் தவிப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு சொற்களும் இனவாதத்தின் சுருக்கெழுத்தாகவே அங்கே நிலைத்துவிட்டன. அவர் 1995இல் குடியரசுத் தலைவரானார். வேடிக்கை என்னவென்றால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 'வதுவான்' என்ற மசாலா பிரெஞ்சுச் சமையல் வல்லுநர்களின் மோஸ்தராகிவிட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து உருட்டி வெயிலில் காயவைக்கும் நம் வடவம்தான் அது. ஒன்பதாவது மாடியில் வாடை. நட்சத்திர விடுதியில் நறுமணம். பொருள் ஒன்றுதான். யார் கையில் கரண்டி என்பதில்தான் வித்தியாசம்.

4

2015இல் கான் திரைவிழாவில் தங்கப்பனை பெற்ற 'தீபன்' படத்தை நம்மவர்கள் போர், போராளி, அகதி என்றே விவாதித்தார்கள். எனக்கு அது ஒரு வீட்டுப் படம். ஷோபாசக்தி நடித்த தீபன் ஒரு புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாள். தனக்கு வீடில்லாதவன் நூறு வீட்டின் படிக்கட்டைக் கூட்டுகிறான். மனைவியாக நடிக்கும் யாழினி ஒரு முடியாத கிழவரின் வீட்டில் சமைத்துத் துப்புரவு செய்து கூலி வாங்குகிறாள். செத்தவர்களின் கடவுச்சீட்டில் வந்த மூன்று அந்நியர்கள், ஒரே கூரையும் ஒரே அடுப்பும் இருப்பதால் மட்டுமே குடும்பமாகிறார்கள். இதுவரை படம் மிக நேர்மையானது. ஆனால் முடிவில் ழாக் ஓதியார் அவர்களை இங்கிலாந்தில் வெயில் படர்ந்த ஒரு தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார். அந்தத் தனிவீடு எந்தச் சிக்கலையும் தீர்க்கவில்லை. பக்கத்து வீட்டை அகற்றிவிடுகிறது, அவ்வளவே. வாடை பிரச்சினைக்கு நடுத்தர வர்க்கத்தின் ஒரே தீர்வு காம்பவுண்டுச் சுவர்.

இதற்கு எதிர்முனையில் வைத்து அரி கொத்தியேவின் 'திண்ணை' (2018) நாவலைப் படிக்கலாம். குருசுக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்கும் வெள்ளைக்காரக் கிழவர் ழில்பேர் தாத்தா கதை சொல்கிறார். இங்கே பெயர்ந்து வந்தவன் ஐரோப்பியன்; இடம் கொடுப்பது நம் திண்ணை. புதுச்சேரித் திண்ணையைப் பற்றிய இந்த நாவல் எழுதப்பட்டது பிரெஞ்சில் என்பதை யோசிக்க வேண்டும். ஆனால் திண்ணையையும் கொண்டாடிவிட முடியாது. திண்ணை உள்ளே விடாமல் உட்காரவைக்கும் இடம். வெள்ளைக்காரக் கிழவருக்குக் கிடைத்த திண்ணை, எங்கள் ஊர் சொல்தாவுக்கு எங்கள் தெருவில் கிடைத்ததில்லை.

1968இல் தொடங்கிய ஆரோவிலின் தொடக்கக் குடியேறிகள் பலர் கீற்றுக் குடிசையில் வாழ்ந்தார்கள். அந்தச் செம்மண்ணில் அவர்கள் மரம் வளர்த்த உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கீற்று ஒரு தேர்வு. சுற்றுக் கிராமத்துக்காரனுக்கு அது விதி. அதிலிருந்து தப்பித்து ஒட்டுக்கட்டடம் போடவே அவன் கப்பல் ஏறினான்.

5

இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்தால் நல்ல பெயர் வரும். வெள்ளை இனவாதத்தைத் திட்டியாயிற்று. பார்த்தும் வந்தாயிற்று. ஆனால் ஒன்று பாக்கி.

அத்தை மகள் வில்லியனூர்ப் பக்கம் இரண்டு மாடி வீடு கட்டினாள். திண்ணை கிடையாது, உயர்ந்த இரும்புக் கதவு. வருடத்தில் பதினொரு மாதம் பூட்டு. வாடகைக்கு விட ஆள் பார்க்கச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். நல்ல வேலையில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார். காலனிக்காரர். தொலைபேசியில் சொன்னேன். "வேணாம்ணா. கருவாடு, பெரிய கறின்னு ஆக்கி வூட்டயே நாறடிச்சிடுவாங்க. சைவமா பாத்து வுடு" என்றாள். அந்த வருடம்தான் அவள் பெட்டியில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டையும் வடவத்தையும் பிளாஸ்டிக் தாளில் ஏழு சுற்று சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

நான் என்ன செய்தேன்? ஆசிரியரிடம், "வேறு ஒருத்தர் முன்னாடியே கேட்டுட்டாங்க சார்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். என்னைப்போலவே அவருக்கும் அந்த வாக்கியம் பழக்கமானது. ஒரு சைவக் குடும்பத்துக்கு வீட்டை விட்டேன். தரகுக் கூலி வாங்கவில்லை என்பதில் எனக்கு என்ன பெருமை?

ஒர்லேயானில் பேசிய மேயரும், ஒன்பதாவது மாடியில் அழுத என் அத்தை மகளும், சாவியைப் பிடித்திருந்த நானும் பேசியது ஒரே சொல்லாடலைத்தான். புலம்பெயர்தல் ஒருவரை ஒடுக்கப்பட்டவராக ஆக்கிவிடும், ஒடுக்கப்பட்டதாலேயே அவர் மற்றமையைப் புரிந்துகொள்வார் என்ற எளிய நம்பிக்கையில் நாம் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறோம். வலி தானாக எதையும் கற்பிப்பதில்லை. அங்கே வாங்கிய அடியை இங்கே திருப்பிக் கொடுக்க ஒரு வீடு போதும்.

ஆகவே நண்பர்களுக்கு என் யோசனை இது. புலம்பெயர்ந்த பிரதி ஒன்றை வாசிக்கும்போது, அவன் எதை இழந்தான் என்று கேட்பதற்குமுன், அவன் விட்டுவந்த ஊரில் அவன் அடுப்படிவரை யார் வர முடிந்தது என்று கேளுங்கள். பிறகு விமர்சகனிடமும் அதையே கேளுங்கள்.

சொல்தா பெரியவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் பிரான்சில். வீடு பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். எனக்குப் பிரெஞ்சு எழுத்து சொல்லிக்கொடுத்த அந்தக் கூடத்தின் ஜன்னல் உடைந்திருந்தது. உள்ளே ஒரு மண்பானை கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் கேட்க இப்போது ஆள் இல்லை.