மீட்டர் பெட்டியோடு நின்றுவிடும் சட்டம்

ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டில், "எர்த் சரியில்லை, எர்த் பைப்பில் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்பார்கள். யாழ்ப்பாணத்தில், "ட்ரிப் சுவிட்ச் விழேல்லையோ?" என்று கேட்பார்கள். ஒரே ஆபத்துக்கு ஓரிடத்தில் மண்ணை நம்புகிறார்கள், இன்னோரிடத்தில் கருவியை நம்புகிறார்கள்.

இரண்டு நாடுகளிலும் 230 வோல்ட்தான். பெரும்பாலான வீடுகளில் எர்த்தை வீட்டுக்காரரே தன் மனையில் போட்டுக்கொள்கிறார். இந்தியாவில் இதற்கான வழிகாட்டி ஐஎஸ் 3043. 1966இல் வந்து, 1987இலும் 2018இலும் திருத்தப்பட்டது. குறைந்தது இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவது நம் வயர்மேன்களுக்குக் கைவந்த வேலை. இலங்கையில் செம்பு பூசிய கம்பியொன்றைச் சுத்தியலால் நேரே மண்ணில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு இந்தியக் குழிதான் பலமானது.

ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை. குழியின் மண் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜின் உடலில் ஃபேஸ் வயர் பட்டால் 230ஐ 23ஆல் வகுத்து 10 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் விழும் சுவிட்ச்) அதைச் சாதாரணச் சுமையாகவே எடுத்துக்கொள்ளும், விழாது. 20 ஓம் குழியில் 10 ஆம்பியர் ஓடும்போது ஃப்ரிட்ஜின் உடலில் 200 வோல்ட் நிற்கும். எர்த் இருக்கிறது என்று நம்பித் தொடுகிறவர் தொடுவது அந்த 200 வோல்ட்டை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, அதாவது இலங்கையர் சொல்லும் ட்ரிப் சுவிட்ச், அந்த இடத்தில் உயிரைக் காக்கிறது. இலங்கையில் பின்பற்றப்படும் பிரிட்டிஷ் வயரிங் நூலான பிஎஸ் 7671இன் கணக்குப்படி, 50 வோல்ட் வரம்புக்குள் நிற்க இந்தக் கருவிக்கு 1,667 ஓம் எர்த்கூடப் போதும். 200 ஓமைத் தாண்டினால் அந்தத் தடை நிலையாக இல்லாமல் போகலாம் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது.

இனி சட்டம். எழுத்தில் இந்தியா வெகுதூரம் முன்னே நிற்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறை, நுகர்வோர் வளாகத்தில் எர்த் முனை ஒன்றை மின்சாரம் வழங்குபவரே அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்றது. ஈபி ஊழியர் வந்து எர்த் முனை கொடுத்துவிட்டுப் போன வீடு எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொன்றும் உண்டு. தேசிய மின் விதித்தொகுப்பையும் தர நிர்ணய நடைமுறைகளையும் அந்த ஒழுங்குமுறை பின்பற்றலாம் என்று மட்டுமே சொன்னது. கசிவுத் துண்டிப்பானை, அதாவது ஆர்சிசிபியைக் கட்டாயமாக்கியபோதும் சுமை குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு அளித்தது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஈரச் சுவரும் ஒட்டுப்போட்ட வயரும் இருப்பது அந்தச் சிறு வீட்டில்தான். மழைக்காலத்தில் சர்வீஸ் வயரைத் தாங்கும் கம்பியில் துணிக்கொடி கட்டுவதும் அங்கேதான். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் தன் விதித்தொகுப்பைத் திருத்தி எல்லா வீடுகளுக்கும் அந்தத் துண்டிப்பானைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் பழைய இணைப்புகளில் யார் போய்ப் பார்ப்பது?

இலங்கையில் நம்பியிருக்கும் நூலோ வெளிநாட்டுடையது. தான் சட்டமல்ல என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. ஆனாலும் புதிய இணைப்பு கேட்பவரிடம் மின்சாரம் வழங்குபவர் வயரிங் சோதனை அறிக்கை கேட்கிறார். எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் இருக்க வேண்டும். சின்ன வீடு, பெரிய வீடு என்ற பேச்சில்லை. இணைப்பு வேண்டுமானால் மாட்டு என்பதற்கு இருக்கும் வலு, தண்டனைப் பிரிவுகள் பலவற்றுக்கு இல்லை. இந்த ஒன்றில் நான் இலங்கையின் பக்கம்.

பிளக் விஷயத்திலும் அங்கே தெளிவு உண்டு. 13 ஆம்பியர் சதுர ஊசி பிளக்கை நாட்டின் ஒரே தரமாக்கினார்கள். நீளமான எர்த் ஊசி முதலில் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். இரண்டு ஊசி சார்ஜர் வைத்திருப்பவர் பேனா முனையையோ ஈர்க்கையோ எர்த் துளையில் குத்தி அந்த மூடியைத் திறந்துவிடுகிறார் என்பதும் அதே வீடுகளில் நடப்பதுதான். மின்னலுக்கு அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இணைப்புக் கிடைத்த நாளுக்குப் பிறகு எந்தச் சட்டமும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

இந்தியாவிலோ, ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் நிறுவல்களைச் சோதிக்க வேண்டுமென்று 1956 மின்சார விதிகளிலேயே எழுதியாயிற்று. சாதாரண வீடுகளில் அது நடக்கக் கண்டவர் அரிது. பிஎஸ் 7671 பிறந்த இங்கிலாந்தில் 2020இல் வேறு வழி பிடித்தார்கள்: வாடகை வீட்டின் வயரிங்கைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவரிடம் தர வேண்டியது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. சென்னையிலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் வாடகை ஒப்பந்தம் எழுதாமல் யாரும் சாவி கொடுப்பதில்லை. எர்த் தடை எத்தனை ஓம், டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் விழுகிறதா என்ற இரண்டு வரிகளை அந்த ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்ல, இரு அரசுகளுக்கும் ஒரு விதித் திருத்தம் போதும்.